ஏழாவது எழுத்து

நாய்க்கடி என்றால் டபிள்யூ ஐம்பத்து நான்கு.
கொதிக்கும் எண்ணெய் கையில் கொட்டினால் எக்ஸ் பத்து.
ஏழாவது இடத்தில் ஓர் எழுத்து வரவேண்டும்:
காயம் புதிது, சிகிச்சை நடக்கிறது என்றால் ஏ.
ஆறிக்கொண்டிருந்தால் டி.
ஆறிய பிறகும் விடாமல் வலித்தால் எஸ்.

மான்யதா டெக் பார்க், நான்காம் மாடி, இரவு ஷிஃப்ட்.
மணிக்குப் பதினெட்டு சார்ட்.
ஒன்பது வருடமாக
ஓஹையோவில் வழுக்கி விழுந்தவர்களை
பெங்களூரில் உட்கார்ந்து எண்ணாக்குகிறேன்.
ஒருவர் முகத்தையும் பார்த்ததில்லை.
பிழை மிகக் குறைவு என்று
போன மார்ச்சில் ஒரு கேடயம் கொடுத்தார்கள்.
அதன்மேல் ஹெட்ஃபோனை மாட்டி வைத்திருக்கிறேன்.

அட்மிஷன் கடிதம் செவ்வாய் விடியற்காலை வந்தது.
அதே ஓஹையோ.
என் பி.காமும், இரவல் லேப்டாப்பில் எழுதித் தேறிய
அனாட்டமியும் போதுமாம்.
பதினைந்தே மாதம், நான் நர்ஸ்.
கட்டணத்தை ரூபாயாக்கிப் பார்த்த இருதயராஜ்
கால்குலேட்டரைக் கவிழ்த்து வைத்தான்.
பிறகு நிமிர்த்தி,
அந்த ஊர் நர்ஸின் சம்பளத்தைப் பெருக்கினான்.
"நாலு வருஷத்துல கடன் முடிஞ்சிடும், தெரியுமா?"
அவன் குரல் அவ்வளவு மேலே போய்க் கேட்டதில்லை.
ஷெரின், அங்கே பனி பெய்யுமா என்றாள்.
பதினைந்து மாதத்தில் அவளுக்கு
எத்தனை பல் விழும் என்று
நான் விரல் மடக்கிக்கொண்டிருந்தேன்.

ஏன் நர்சிங், ஐந்நூறு சொற்களுக்குள், என்று
விண்ணப்பத்தில் கேட்டிருந்தார்கள்.
சிறுவயது முதலே சேவை மனப்பான்மை என்று எழுதினேன்.
இடம் கிடைத்துவிட்டது.

எழுதாமல் விட்டது இது:
கோலாரில் சுரங்கம் மூடி
மர்பி டவுனுக்கு வாடகைக்கு வந்த வருடம்,
அப்பா இருமும்போது சட்டி பிடிக்க வேண்டியது
வியாழக்கிழமைகளில் என் முறை.
கணக்கு டியூஷன் என்று சொல்லிவிட்டு
அல்சூர் ஏரிக் கம்பியைப் பிடித்தபடி நிற்பேன்.
அப்படி ஒரு டியூஷனே இல்லை.

அவர் நோய், ஜே அறுபத்திரண்டு புள்ளி எட்டு.
வேலையில் சேர்ந்த முதல் வாரமே
தேடிப் பார்த்துவிட்டேன்.
அதற்கு ஏழாவது எழுத்து கிடையாது.
புதிது, ஆறுவது, ஆறிய பின்
என்றெல்லாம் அதைப் பிரிப்பதில்லை.

வெள்ளி நள்ளிரவுக்குள் ஐந்நூறு டாலர் கட்டினால்
இடம் என்னுடையது.
கார்டின் முதல் நான்கு எண்ணைத் தட்டினேன்.
துரிதப் படிப்பு என்கிறது திரை.
துரிதத்தில் எனக்கு என்ன குறை?
மணிக்குப் பதினெட்டு பேர்.
சட்டியை நீட்டி
இருமல் முடியும்வரை நின்று பழகாத கை இது.
அதைப் பழக்கப் பதினைந்து மாதம் போதுமா,
மூன்று வருடமாவது போதுமா, தெரியாது.
போதவில்லை என்று தெரியவருவதாவது
ஷெரினின் பல் விழும் ஊரில் நடக்கட்டும்.
திரை தானாக அணைந்தது.
நான் தட்டி எழுப்பவில்லை.

"கிறுக்கு" என்றான் இருதயராஜ்.
சனி முழுக்கப் பேச்சில்லை.
ஞாயிறு பூசை முடிந்து ஸ்கூட்டரில் வரும்போது
"மூணு வருஷமும் சம்பளம் வராதில்ல" என்றான்,
கேள்வியா கணக்கா என்று பிரிக்க முடியாத குரலில்.
வராதுதான்.
சிக்னல் விழும்வரை இருவரும்
முன்னால் நின்ற பஸ்ஸின் பின்பக்கத்தைப் படித்தோம்.

திங்கள், ஷிஃப்ட் முடிந்த கண்ணெரிச்சலோடு
மிஷன் ஆஸ்பத்திரி நர்சிங் பள்ளி.
பி.யு.சி.யில் காமர்ஸ் ஆனாலும் பரவாயில்லை,
வயது முப்பத்தைந்துக்குள் என்கிறது பலகை.
எனக்கு இன்னும் ஏழு மாதம் மிச்சம்.
வரிசையில் முன்னும் பின்னும் பதினெட்டு வயதுப் பிள்ளைகள்.
ஃபைல்களை அம்மாக்கள் வைத்திருக்கிறார்கள்.

ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் தலை தூக்காமல்
"ஃபார்ம் யாரிகெ? மகளிகா?" என்றார்.

"நனகெ."

தலை தூக்கினார்.
முந்நூறு ரூபாய்,
சில்லறையாகத்தான் வேண்டுமாம்.