ஏழு பி

சிரில் கொண்டுவந்தது ஒரு ஹார்ட் டிஸ்க்.
மாரி பிஸ்கட் உறையில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தான்.
தோட்ட ஆபிஸ் கம்ப்யூட்டர் இடி விழுந்து செத்துப்போச்சு,
இது மட்டும்தான் மிச்சம் என்றான்,
விபத்தில் போனவரின் கைக்கடிகாரத்தைக்
கொடுப்பவன் மாதிரி.

பின்னால் பாக்கியசீலி.
குடைத் தண்ணீர் என் ஹட்டன் கடைத் தரையில்
ஒரு சின்ன ஆறாகி மேசைக்குக் கீழே வந்தது.
இருபத்து மூன்று வருசம் கொழுந்து எடுத்தவர்.
சேமலாப நிதிக் கடிதம் பதினொன்று என்கிறது.
மிச்சப் பன்னிரண்டும்
அந்த பிஸ்கட் உறைக்குள் இருக்கின்றனவாம்.

பிரதி எடுக்க ஒரு மணித்தியாலம், இரண்டு பிளேன்டி.
பிறகு என் லேப்டாப்புக்குள்
இல்லாத ஒரு கணினியைக் கட்டினேன்.
இல்லாத திரை, இல்லாத விசிறி,
கடனாகக் கொடுத்த கொஞ்சம் நினைவகம்.
இடம் கொடுப்பது ஹோஸ்ட்.
வந்து தங்குவது கெஸ்ட்.
தான் கெஸ்ட் என்பது கெஸ்டுக்குத் தெரியாது.
தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் ஏற்பாடே.

முதல் தடவை அனுமதி இல்லை என்றது.
பயோஸுக்குள் இறங்கி
எவனோ அணைத்து வைத்திருந்த ஒரு வரியைத் திறந்தேன்.

இரண்டாம் தடவை கறுப்புத் திரை:
தொடங்குவதற்கு எதுவும் கிடைக்கவில்லை.
இல்லாத ஃபிளாப்பியைத் தட்டிப் பார்த்து,
வெறும் சீடீ தட்டைத் தடவிப் பார்த்து,
அங்கேயே நின்றுவிட்டது.
டிஸ்கை மாட்ட மறந்தவன் நான்தான்.
சிரிலிடம் அதைச் சொல்லவில்லை,
பழைய சாமான், அப்படித்தான் என்றேன்.

மூன்றாம் தடவை
சின்னம் வந்தது, அதன் கீழே
மூன்று சின்னக் கட்டங்கள் ஓடின, ஓடின.
பிறகு திரை முழுக்க நீலம்.
"வந்துருச்சா தம்பி?" பாக்கியசீலி எழுந்துவிட்டார்.

பூச்சியம், எக்ஸ், ஆறு பூச்சியம், ஏழு, பி.
நான் வாசித்த கடைசி இரண்டும் அவருக்குப் பிடிபட்டன.
"நம்ம காம்பிராவும் அதுதான். ஏழாம் லயம், பி.
கடுதாசி வந்தா ஆபிஸோட நின்னுரும்."

அதேதான் அக்கா, என்றேன். நிஜமாகவே அதேதான்.
டிஸ்க் இருக்கிறது. உள்ளே எல்லாம் இருக்கிறது.
ஏறிப்போகும் வழிதான் இந்தப் பழையதுக்குத் தெரியவில்லை.
அது பழகியது ஐடிஈ பாதை,
நான் மாட்டியது சாட்டாவில்.
ரோட்டை மாற்றிவிட்டு
மடுவத்துக்கு லொறி வரவில்லை என்று கத்தியிருக்கிறேன்.

அப்போது பார்த்து கரண்ட் போனது.
மல்லியப்பு சந்தி வரைக்கும் இருட்டு,
பனிக்குள் ஒரு பஸ்ஸின் ஹோர்ன் மட்டும்.
பேட்டரி முப்பத்தெட்டு.
கழற்றினேன். பழைய பாதையில் மாட்டினேன்.
சிரில் போன் வெளிச்சத்தை என் விரலுக்குப் பிடித்தான்.

பச்சைக் குன்று. நீல வானம்.
"இது எந்தத் தோட்டம்?" என்றார் பாக்கியசீலி.
"கவ்வாத்து வெட்டின மலையா?
ஒரு ஆளையும் காணோமே."

உடனே ஒரு பெட்டி முளைத்து மிரட்டியது:
உன் வன்பொருள் மாறிவிட்டது,
மூன்று நாளுக்குள் நீ யாரென்று நிரூபி.
நான் அதை அப்படியே ஒரு ஸ்னாப்ஷொட் எடுத்து உறைய வைத்தேன்.
இனி எத்தனை தடவை வேண்டுமானாலும்
முதல் நாளுக்கே திரும்பி வரலாம்.
சட்டமா என்று கேட்டான் சிரில்.
பேட்டரி இருபத்தொன்று என்றேன்.

செக்ரோல் திறந்தது.
பாக்கியசிலி, பாக்கியம், எஸ். பாக்யா.
ஒரே இலக்கத்தில் மூன்று பெண்கள்.
இரண்டாயிரத்து நான்கு, ஒக்டோபர்:
இருபத்தொரு பேர், ஓர் அரைப்பேர்.
வாசித்தேன்.

அவர் திரைக்கு மிக அருகே குனிந்தார்.
மூச்சு கண்ணாடியில் பட்டு மங்கியது.
சேலை நுனியால் துடைத்தார்.

"அரைப்பேர் இல்ல," என்றார்.
"அன்னிக்கி பதினேழு கிலோ எடுத்தேன்.
முழுப்பேர் போடச் சொல்லுங்க."