அஞ்சு நிமிசம்

இடவப்பாதிக்கு முன்னால் ஒரு கோடை மழை போதும்.
ரப்பர்ச் சருகுக்குள் கிடந்ததெல்லாம்
ஓட்டிடுக்கு வழியாக இறங்கும்.
கறுப்பு. மிளகைவிடக் கொஞ்சம் நீளம்.
கடிக்காது. நசுக்கினால்தான் நாற்றம்,
சோப்புக்கு அடங்காது,
கழுத்தில் பட்டால் பொள்ளும்.

ஆறரைக்கு மேல் லைட் கூடாது என்று விட்டார் ஜெபசிங்.
மூன்று மணிக்கு எழும்பிப் பால் வெட்டுகிறவர்,
அவருக்கென்ன, இருட்டு பழக்கம்.
நானும் மகளும் தடவித் தடவிக்
கிழங்கும் மீனும் தின்றோம்.
முள்ளா, வண்டின் காலா?
நாக்குதான் தீர்ப்புச் சொல்லணும்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேரளம்.
சுகுமாரிச் சேச்சி வீட்டில் டியூப்லைட்.
மொத்தமும் அங்கே போகும்.
சேச்சி வாரியலால் சுவரை அடிக்கும் சத்தம் கேட்டு
சிரித்தேன்.
சிரிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை அவர்களுக்குக் கரண்ட் போனது.
மறுநாள் மகளுக்கு நர்சிங் இன்டர்வியூ.
சர்டிபிகேட் தேட லைட் போட்டேன்,
அஞ்சே அஞ்சு நிமிசம்.
சுவர் நகர்ந்தது.

விடியுமுன் முறம் முறமாக வாரி
மண்ணெண்ணெய் வாளியில் தட்டிக்கொண்டிருக்கிறேன்,
ரோட்டின் அந்தக் கரையிலிருந்து சேச்சி:
"எத்தற கிலோ உண்டு?"
"ரேஷன் கார்டு கேக்காம தந்தாவ சேச்சி."

நாகர்கோவிலில் மேசைமேல்
உறையைப் பிரித்ததும் ஒன்று இறங்கி நடந்ததாம்.
மகளுக்கு உயிர் போனதாம்.
அந்த மேடம் அதை நசுக்கவில்லை.
ஒரு தாளில் ஏற்றி ஜன்னலுக்கு வெளியே விட்டுவிட்டுக்
கேட்டாராம்:
"அருமனையா, கடையாலா?"