ஒன்பதாம் மாடி

திபிலிசிக்கு வந்து இருபத்து மூன்று நாள்.
இந்தக் கட்டடத்தில் லிஃப்டுக்குள்
ஒரு பெட்டி, அதில் காசு போட்டால்தான் ஏறும்.
என்னிடம் இருப்பது பேருந்துக்கான சில்லறை.
ஆகவே ஒன்பது மாடியும் நடை.

மூன்றில் யாரோ வெங்காயம் வதக்குகிறார்கள்.
ஐந்தாம் மாடி நாய்க்கு
நான் இன்னும் திருடன்தான்.
ஏழில் மூச்சு வாங்கும் சாக்கில்
போனைப் பார்ப்பேன்.
கூப்பிடுகிறோம் என்றவர்கள்
கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

முன் அனுபவம்:
சியாத்துரா, ரோப் கார், பதினோரு வருடம்.
மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பையன்
உதட்டைக் கடித்துக்கொண்டு
எக்செல் தெரியுமா என்றான்.
தம்பி,
பள்ளத்தாக்கின் மேல்
சுரங்கத்து ஆட்களை
இக்கரைக்கும் அக்கரைக்கும் கொண்டுபோனவன் நான்.
ஒருவரையும் கீழே விட்டதில்லை.
சொல்லவில்லை. தெரியாது என்றேன்.

நேற்றிரவு கரண்ட் போனது.
ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே
லிஃப்டுக்குள்ளிருந்து ஒரு பெண் தட்டிக்கொண்டே இருந்தாள்.
இருட்டில் படியில் உட்கார்ந்தேன்.
நடுவானில் நின்ற பெட்டிக்குள் கற்றது இது:
தைரியம் சொல்லக் கூடாது,
பேச்சுக் கொடுக்க வேண்டும்.
கடையில் என்ன வாங்கினீர்கள்?
பாலாடைக்கட்டி, என்றாள். கொஞ்சம் கழித்து, முட்டை.
எத்தனை?
தொட்டுத் தொட்டு எண்ணுவது
கதவுக்கு இந்தப் பக்கம் கேட்டது.
பத்து. ஒன்று விரிசல்.

விளக்கு வந்தது. ஏழாம் மாடியில் கதவு திறந்தது.
எதேரி, என்று பெயர் சொன்னாள்.
நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள்?

நான் வார்த்தை தேடுவதற்குள்
விரிசல் முட்டையை என் கையில் வைத்துவிட்டு
சாவியைத் துழாவத் தொடங்கினாள்.

இன்னும் இரண்டு மாடி.
மெதுவாக ஏறினேன்,
உள்ளே ஆள் இருப்பதுபோல.