பின்னணியில் மழை

பிப்ரவரியில் வந்த தட்டுக்கணினியை
ஏப்ரல் வரை இரும்பலமாரியில் பூட்டி வைத்தது
நான்தான்.
சாவி என் கைப்பையில்,
கடவுச்சொல் ஒரு துண்டுத்தாளில்,
துண்டுத்தாள் எங்கேயோ.
எதைத் தொட்டாலும் எதுவோ அழிந்துவிடும்,
அரசாங்கச் சொத்து, கணக்கெடுக்க வருவார்கள்.
கப்பளா பத்தாசில் நடந்த இரண்டு நாள் பயிற்சியில்
தேநீர் இடைவேளையை மட்டும்
ஒழுங்காகக் குறித்துக்கொண்டேன்.

ஜெலுத்தோங்கில், சாக்கடையோரம் கடைசிக் கட்டடம்,
என் சிறப்பு வகுப்பு. ஏழு பேர்.
திரிலோகனுக்கு ஒன்பது வயது. பேச்சு இல்லை.
கடி உண்டு.
என் இடது முன்கையில் இருக்கிறது அதன் வரலாறு,
பல் பல்லாக.
வீட்டில் கேட்டால் பூனை என்பேன்.
எங்கள் வீட்டில் பூனை இல்லை.

ஒரு திங்கட்கிழமை, நான்காவது கடிக்குப் பிறகு,
அலமாரியைத் திறந்தேன்.
சார்ஜரைத் தேடியெடுத்த உதவியாளர் ரொஹாயா
'தெக்கான் சாஜா, சிக்கு' என்றாள்.
அமுக்குங்கள், அவ்வளவுதான்.
வெடிக்கவில்லை.

உள்ளே ஒரு பெண் இருந்தாள்.
செய்தி வாசிப்பவளைப்போல
'நான் உணவு அருந்த விரும்புகிறேன்' என்றாள்.
இந்தத் தீவில் எவருக்கும் அப்படிப் பசித்ததில்லை.
பசியாறுகிறவர்கள் நாங்கள்.

நீளமாக அழுத்தினால் பொத்தானையே மாற்றலாம்
என்பதைக் கண்டுபிடித்தேன்,
விரலை எடுக்க மறந்து.
சிவப்பு வட்டம் துடித்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு
என் குரலில்: 'பசியாறணும்.'
அன்றிரவு பத்துச் சொல், மறுநாள் பதினேழு.
படம் மாற்றினேன், கட்டம் குறைத்தேன்,
தவறாக அழித்தேன், அழிந்ததை மீட்டேன்.
மீட்க முடியும் என்று
யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

திரிலோகன் அமுக்கினான்.
என்னையும் கருவியையும் மாறி மாறிப் பார்த்தான்,
தன் வாய்க்குள்
டீச்சர் குடிவந்துவிட்டதைப்போல.
சரிதான்,
நாற்பத்தேழு வயதுக் குரலில் எந்தப் பையன் பேசுவான்?

ஐந்தாம் வகுப்புக்கு வெளியே, வழக்கம்போல,
யுகேந்திரன் நின்றுகொண்டிருந்தான்.
வீட்டுப்பாடம் செய்யவில்லையாம்.
இழுத்துவந்து உட்காரவைத்தேன்.
தண்ணி. வெளியே. இன்னும். வலிக்குது.
பாதியில் தகரக்கூரையைப் பிடித்துக்கொண்டது மழை.
'நிறுத்தவா டீச்சர்?'
நிறுத்தியிருக்க வேண்டும். மணியடிக்கப் பத்து நிமிடம்தான்.
கடைசியாக 'வேண்டாம்.'
பதினொரு வருடம் அதைச் சொல்லிச் சொல்லி
யாரும் கேட்காத ஒருவன் சொல்வதைப்போல
சொன்னான்.

இப்போது திரிலோகன் என்ன சொன்னாலும்
பின்னால் கொஞ்சம் மழை பெய்கிறது.
மண்டை பிளக்கும் மத்தியான வெயிலிலும்.

முதல் வாரம் அவன் அந்த ஒரே சொல்லில் வாழ்ந்தான்.
வண்ணம் தீட்ட? வேண்டாம். மிலோ? வேண்டாம்.
காலணி வேண்டாம். நான் வேண்டாம்.
தலைமையாசிரியர் குனிந்து வணக்கம் சொன்னார்.
வேண்டாம், மழையோடு.

'அந்தப் பொத்தானை மட்டும் எடுத்துவிடக் கூடாதா?' என்றார்
வராந்தாவில், மெதுவாக.
எடுக்கலாம். மூன்று தொடல்.
கண்ணை மூடிக்கொண்டு செய்வேன் இப்போது.
'எனக்கு இதெல்லாம் தெரியாது சார்' என்றேன்.
நம்பினார்.
பிப்ரவரியிலிருந்து பார்க்கிறவர் அல்லவா.

அந்த வாரம் கடியில்லை. அடுத்த வாரம் ஒன்று,
மின்கலம் தீர்ந்துபோன நாளில்.
அது என் கணக்கில்.

நேற்று திரை உறைந்துவிட்டது.
யாரையும் கூப்பிடவில்லை.
அணைத்தேன், பத்துவரை எண்ணினேன், திறந்தேன்.
வெள்ளை வளையம் சுற்றிக்கொண்டே இருந்தது.
காத்திருக்க முடியாமல் திரிலோகன்
என் இடது கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான்.
ரொஹாயா பதறி எழுந்தாள்.

பழைய தழும்பு ஒன்றை
ஆட்காட்டி விரலால் அமுக்கிவிட்டு
என் வாயைப் பார்த்தான்.

அந்தப் பொத்தானில்
நான் எதையும் பதிந்து வைத்திருக்கவில்லை.