இரண்டு மூன்று மணி

தோர்னியோவில் தூங்குகிறேன், ஹாபராண்டாவில் டயர் மாற்றுகிறேன்.
இடையில் ஒரு பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம்
ஒரு மணி நேரம் குறைவு.
எட்டு மணிக்கு வீட்டைப் பூட்டிவிட்டு
ஏழு பத்துக்குக் கடையைத் திறப்பேன்.
சுற்றுலா வந்தவர்கள் இதற்குக் கைதட்டுவார்கள்.
பனிக்கு முன்னே ஆணி டயர் கேட்டு வரும் நானூறு கார்களுக்கு
நேரம் குறித்துக் கொடுப்பவளைக் கேளுங்கள்.

கடைக் கணினி ரௌனோ வாங்கியது. கிழடு.
சுவர்க் கடிகாரம் சொல்வதுதான் அதற்கு வேதவாக்கு.
என் போனோ பைக்குள் கிடந்தபடியே
அக்கரைக் கோபுரத்தோடு பேசிக்கொண்டிருக்கும்:
ஆள் சுவீடனில், நேரம் பின்லாந்தில்.
ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.

ஒரே ஆளுக்கு நாங்கள் இருவரும்
வெவ்வேறு நேரம் கொடுத்துத் திட்டு வாங்கிய புதன்கிழமை,
"இரண்டையும் சேர்த்துவிடு, இர்யா" என்றார் ரௌனோ.
கேபிளைச் செருகி, ஒத்திசை என்பதை அமுக்கினேன்.
காபி ஆறுவதற்குள் வந்து நின்றது:
முரண்பாடுகள் 212. எதை வைத்துக்கொள்ள?

இடப்பக்கம் கணினி, வலப்பக்கம் போன்.
ஹில்டூர் ஸ்ட்ரோம்பெக், அலமாரி 31.
அதே எண், போனில்: சிவப்பு வோல்வோ, கடன் சொல்வாள்.
பாதிரியார் எங்மார்க், ரசீது மின்னஞ்சலில்.
போனில்: முதலில் நாயைக் கட்டச் சொல்.
எல்லோரையும் இரண்டு தடவை தெரிந்து வைத்திருக்கிறேன்,
ஒரு தடவை மரியாதையாக.
இரண்டும், இரண்டும் என்று அமுக்கிக்கொண்டே போய்
நூற்றுப் பத்தோடு நிறுத்தினேன்.
கை வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டேன்.

பெயர்களில்தான் என் கண். நாட்காட்டி
ஒரு கேள்வியும் கேட்காமல் முழுதாகக் கடந்துவிட்டிருந்தது,
காலையில் நான் கடப்பதுபோல.
வியாழக்கிழமை, கடையின் பெரிய திரையில்,
டயருக்குக் காத்திருப்போர் நடுவே
என் பல் மருத்துவர், என் முடிச்சாயம்,
பிறகு, மூன்று மணி:
ரௌனோவிடம் சொல்லிவிட வேண்டும்.

வண்டவாளம் தண்டவாளம் ஏறியது.
அதுவும் கொட்டை எழுத்தில்.

பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.
அன்றைக்கு முழுக்க, நான் வாய் திறக்குமுன்
வேண்டிய ஸ்பானரை எடுத்து நீட்டினார்.
அதைத்தான் தாங்க முடியவில்லை.

சுவரில் இரண்டு. பைக்குள் போன் அதிர்ந்தது: மூன்று.
வீட்டுச் சமையலறையில் குறித்த மூன்று,
அதற்கென்று சேர்த்து வைத்த தைரியத்தோடு.
கையில் ஒரு சாப் காரின் பின்சக்கரம்.
ஐந்தே போல்ட். திரும்பத் திரும்ப இறுக்கினேன்.
கணினிக்கு அக்கரை தெரியாது;
அதன் மூன்றுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று
அந்த மக்கு இயந்திரத்தின் முதுகில் ஒளிந்துகொண்டேன்.

அது ஒலித்தபோது
ரௌனோ கை கழுவிவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.
"மூன்று ஆச்சு."
சொன்னேன். கெமி துறைமுகத்தில் வேலை கிடைத்திருக்கிறது.
நவம்பரில் போகிறேன்.
என் பாதியை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.
ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டதற்கு
நீளம் பற்றவில்லை.

அவர் பட்டியலை ஓரமாக நகர்த்தினார்.
அடியில், நேற்று விட்ட இடத்திலேயே, நூற்றுப் பதினொன்று.
இடப்பக்கம்: ரௌனோ மாகிதாலோ, பங்குதாரர், மாற்றுச் சாவி.
வலப்பக்கம்: ரௌனோ. ஆறுக்கு மேல் எடுக்காதே.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார்.
திரும்பவும் இறக்கிவிட்டுப் படித்தார்.
"முன்னாடியே சொல்லியிருந்தால்
ஐந்தரைக்கு அடித்திருப்பேனே" என்றார்.
பிறகு, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போல:
"இது எந்தக் கரை ஆறு?"

நான் யோசிப்பதற்குள் அவரே
இரண்டையும் வைத்துக்கொள் என்பதை அமுக்கினார்.
அடுத்தது வந்தது.
யாரோ ஒருவர். லாரி. பத்து டயர்.