ஜூலையில் ஆறு இறங்கிப்போகும் இடம்

ஆறு என்கிறது வரைபடம்.
ஜூலையில் வந்து பார்த்தால்
வெள்ளைக் கற்கள், ஒற்றை ரப்பர் பூட்ஸ்,
காய்ந்து தகடாகிப்போன பாசி.

தண்ணீர் வற்றிவிடவில்லை.
மில் பாலத்துக்கு மேலே ஆஷ் மரத்தின் வேரடியில்
ஒரு பொந்து, ஆள் தலைகூட நுழையாது.
வாடகை பாக்கி வைத்தவன் கொல்லைப்புறமாக நழுவுகிற மாதிரி
அதற்குள் இறங்கிவிடுகிறது.
குப்புறப் படுத்துக் காது வைத்தால்
ஈயம் தோண்டியவர்கள் விட்டுப்போன சுரங்கத்தில்
யாரோ பாத்திரம் கழுவுகிறார்கள்.

சுண்ணாம்புக்கல் மலை. கரைந்துகொண்டே இருக்கிறது.
இந்த ஊர்க் கெட்டில்களின் அடியில்
வெள்ளையாகப் படிவது அதுதான்.
வினிகர் ஊற்றிச் சுரண்டுகிறார்கள், சனிக்கிழமைதோறும்,
ஒரு மலையை.

இரண்டு மைல் தள்ளி, வாத்து மேயும் வயலோரம்
ஒன்றுமே நடக்காதது போல
ஆறு வெளியே வரும்.

நடுவில் மாட்டிக்கொள்பவை ட்ரௌட் மீன்கள்.

எனிட் ஹாலம் தபால் வண்டியை வேலியோரம் நிறுத்திவிட்டு
பெயின்ட் வாளியோடு இறங்குகிறாள்.
பாலத்தடியில் கடைசிக் குட்டை,
சாப்பாட்டு மேசை அளவு.
முழங்கால் ஆழத்தில் நிற்கிறாள்.
அவளிடமிருந்து தப்பிக்க
அவள் நிழலுக்குள்ளேயே ஒளிகின்றன மீன்கள்.

பத்தொன்பது.
போன வருஷம் நாற்பத்தொன்று.

அக்கரையில் ராய்ஸ்டன் மெல்லர்
மதிலில் முழங்கை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.
அந்தக் கரை வேறு பாரிஷ்.
எல்லை ஆற்றின் நடுக்கோடு என்கிறது பத்திரம்.
ஆறு இல்லாத மாதத்தில் எல்லை எங்கே என்று,
நடுவில் மேய்ந்த ஒரு ஆட்டை முன்னிட்டு
நான்கு வருஷம் இருவரும் கடிதம் எழுதிக்கொண்டார்கள்.
அவளுடையதை அவளே ஸ்டாம்ப் ஒட்டி
அவளே கொண்டுபோய் அவர் வீட்டுக் கதவில் போட்டாள்.
அவருடையதைத் தனக்குத் தானே பட்டுவாடா செய்துகொண்டாள்.

"மீன் எந்தப் பாரிஷ்?" என்கிறார்.
"கேட்டுச் சொல்கிறேன்."

அவர் போய்விடுகிறார்.
வாளியில் மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று புரள்கின்றன.
கால் மணி நேரம் கழித்து
மதில்மேல் ஒரு பால் கேன் இருக்கிறது, ஆள் இல்லை.
மூடியில் ஆணியால் குத்திய ஓட்டைகள்;
விளிம்பில் தகரம் இன்னும் பளபளக்கிறது.

மின்சாரக் கட்டணத்துக்கும் விதை விளம்பரத்துக்கும் நடுவில்
கேனிலும் வாளியிலுமாகப் பத்தொன்பது மீன்கள்
மலைச்சாலையில் குலுங்கிப் போகின்றன.
அவற்றுக்கு நேர் கீழே
அதே திசையில் இருட்டில்
ஆறும் போய்க்கொண்டிருக்கிறது.

கேனைத் திருப்பித் தரவேண்டும்.
நேரிலா,
தபாலிலா.