முப்பத்தாறு கம்பி

முதலில் எடையைச் சொல் என்றேன்.
அறுபத்திரண்டு என்றாள் மாதேஷ்வரி,
சுவரில் தொங்கும் டியூபைப் பார்த்தபடி.
பேசாமல் கூட்டிப்போய்
மாங்கூழ் ஆலை எடைமேடையில் ஏற்றினேன்,
பெங்களூரா மாங்காய்க் கூடைகளுக்கு நடுவே.
எழுபத்தொன்று.
தண்ணீர், பம்பு, வாழைப்பழம் சேர்த்தால் எழுபத்தைந்து.
எனக்கென்ன, பெண் பார்க்கவா வந்தேன்?
கம்பிக்குத் தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

போன வருஷச் சக்கரத்தைச் சாக்கில் கொண்டு வந்திருந்தாள்.
ஜெகதேவிக்கு மேற்கே, குவாரி இறக்கத்தில்
எண்ணெயில் போட்ட அப்பளமாய் மடிந்தது.
இருபத்து நான்கே கம்பி.
தார்ச்சாலையைத் தவிர எதையும் அறியாத எவனோ
ஆசையாகப் பேசி விற்றிருக்கிறான்.

டிப்பர் போகிற பாதை அது.
இரண்டு தடம், நடுவில் மேடு,
மேட்டுப் புல்லுக்குள் கருங்கல் சில்லு,
மழை அரித்துப்போட்ட குறுக்கு வாய்க்கால்கள்.
அறுபது கிலோமீட்டர்.

அலுமினிய ரிம் எடுத்தேன். முப்பத்தாறு துளை.
முனைகள் தடித்து நடு மெலிந்த கம்பி;
மெலிந்த இடம் கொஞ்சம் நீண்டு கொடுக்கும்.
பித்தளை நிப்பிள். மரையில் ஒரு சொட்டு ஆளிவிதை எண்ணெய்.
இரண்டு கம்பியின் மேலே தாண்டி
மூன்றாவதன் அடியில் நுழைந்து
ரிம்மில் போய் உட்காரும் ஒவ்வொன்றும்,
கல்யாணப் பந்தியில் இடம் பிடிப்பதுபோல.

பக்கத்துக் கொட்டகையில் கிரானைட் அறுக்கும் ரம்பம்.
பகலெல்லாம் பல் கூசும்.
கம்பியைச் சுண்டினால் எனக்கே கேட்காது.
மின்வாரியத்தை நம்பித்தான் என் தொழில்:
மாதாந்திரப் பராமரிப்பு, ஒன்பது முதல் ஐந்து வரை.
ஊரே திட்டும்.
நான் வளையலைக் கழற்றி வைத்துவிட்டு
கதவைத் திறந்து போட்டு
டிங். டிங். டிங். டங்.
அங்கே தளர்வு. கால் திருகு.
டிங்.

கோட்டம் எடுப்பது பெரிய காரியமில்லை.
இந்தப் பக்கம் இழு, அந்தப் பக்கம் விடு,
கடைவாசலில் நேராகச் சுற்றும், பணமும் வந்துவிடும்.
உள்ளே ஒருத்தி பத்துப் பேர் பாரம் இழுத்துக்கொண்டிருப்பாள்,
பக்கத்திலேயே ஒருவன் சும்மா நிற்பான்.
எங்கள் வீட்டில் அந்தக் கணக்கைப் பார்த்திருக்கிறேன்.

கல்லில் மோதி அறுவதில்லை கம்பி.
தரைக்கு நேரே வரும்போதெல்லாம்
ஒரு நொடி தளர்கிறது, மேலே போய் விறைக்கிறது.
தளர்ந்து, விறைத்து, தளர்ந்து, விறைத்து
லட்சத்துச் சொச்சமாவது சுற்றில்
வளைவில் முறியும்,
அதுவும் நல்ல ரோட்டில், டீக்கடைக்கு முன்னால்.
அதனால் நிறைய இறுக்கினேன்,
தளர்கிறபோதும் மிச்சம் இருக்கும்படி.
பிறகு ஜோடி ஜோடியாகக் கைக்குள் நசுக்கினேன்.
கிறீச்சென்று கத்தியது.
இங்கேயே கத்தட்டும்.

பந்தயத்தன்று முப்பத்தெட்டாவது கிலோமீட்டரில்,
வாய்க்கால் ஓரம், முந்தானையால் மூக்கைப் பொத்தி நின்றேன்.
புழுதிதான் முதலில் வந்தது.
பிறகு செயின் அடிக்கிற சத்தம்,
டயருக்கடியில் சரளை நெரிகிற சத்தம்.
நான் காதை வைத்திருந்த இடத்தில் மட்டும்
ஒன்றுமே இல்லை.
வாய்க்காலில் விழுந்து எழுந்து போனாள்.
என்னைப் பார்க்கவில்லை.

ஒன்பதாவதாக வந்தாள்.
இரண்டு முறை பஞ்சர், வேலிக்காத்தான் முள்.
முள்ளுக்கு நான் எந்தக் கம்பியைப் பின்னுவது?

ராத்திரி சக்கரத்தை ஸ்டாண்டில் ஏற்றினேன்.
ரம்பம் நின்றிருந்தது.
அரை மில்லி ஒதுங்கியிருந்தது, வலப்பக்கம்.
சுண்டிப் பார்த்தேன், முப்பத்தாறையும்.
திருகுசாவியை எடுக்கவில்லை.

முன்சக்கரமும் வேண்டும் என்றாள்,
கொப்புளம் உடைந்த கையால் டீயை வாங்கி.
எடை?
இப்போது அறுபத்தெட்டு, இந்தத் தடவை
என் கண்ணைப் பார்த்தே சொன்னாள்.
சரி என்றேன்.
நோட்டில் எழுபத்தைந்து என்று எழுதிக்கொண்டேன்.